"மிச்சம் எங்கே?": எஸ்பிரெஸ்ஸோவும் அதன் பிள்ளைகளும்

மாமாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் புதிதாக வந்திருந்த காபிக் கடை ஒன்றில் ஏறினோம். உள்ளே ஏ.சி. ஓடுகிறது, கொஞ்சநேரம் உட்காரலாம் என்பதுதான் காரணம். மாமா தக்கலைக்காரர். காலையில் பால் விடாத ஒரு கட்டன் காப்பி, நாலு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு சாயா, அதற்கு மேல் கிடையாது. மெனு அட்டையை வாங்கி, பெயர்களைப் பார்க்காமல் வலதுபக்க விலைகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தார். கப்புச்சினோ, லாட்டே, மோக்கா எல்லாவற்றையும் தாண்டிப் போய், இருப்பதிலேயே விலை குறைந்ததில் விரலை வைத்தார்.

"இத சொல்லு மக்கா. எஸ்பிரஸ்ஸோ. நம்ம கல்யாண வீட்டுல குடிக்கதுதானே."

வந்தது பொம்மைச் சாமான் போல ஒரு கப். அதில் முக்கால்வாசிகூட இல்லை. மேலே பொன்னிறத்தில் ஒரு மெல்லிய நுரை, அடியில் கன்னங்கரேல் என்று இரண்டு வாய்க்குக் காணாத காபி. மாமா கப்பை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் கொண்டுவந்த பையனைப் பார்த்தார்.

"தம்பி, மிச்சம் எங்கே?"

அந்தப் பையன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த மெனு அட்டை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். எஸ்பிரெஸ்ஸோ என்ற அந்த இரண்டு வாய் எல்லாவற்றுக்கும் பொது. கப்பின் மிச்சத்தை எதைக் கொண்டு, எவ்வளவு நிரப்புகிறோம் என்பதை வைத்துப் பெயர் மாறுகிறது. வெந்நீரா, பாலா, நுரையா, சாக்லேட்டா? அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது.

முதலில் மாமாவின் கல்யாண வீட்டுக் காபி. அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேருக்கு எஸ்பிரெஸ்ஸோ என்ற சொல் மண்டப வாசலில்தான் அறிமுகம். பளபளவென்று ஒரு ஸ்டீல் பாய்லர், பக்கவாட்டில் நீண்ட குழாய், அதிலிருந்து புஸ்ஸென்று ஆவி. கப்பில் பாலும் சர்க்கரையும் இன்ஸ்டன்ட் காபித்தூளும் போட்டு, குழாயை உள்ளே விட்டு ஆவியைத் திறந்தால் நுரை பொங்கி விளிம்புவரை வரும். மேலே ஒரு சிட்டிகை கொக்கோத் தூளோ காபித்தூளோ தூவிக் கொடுப்பார்கள். பாயசம் குடித்த வாய்க்கு நன்றாகவே இருக்கும். சிறுவயதில் அந்த நுரையை மீசையாக ஒட்டிக்கொண்டு அலைந்தவன் நான். ஆனால் அது எஸ்பிரெஸ்ஸோ இல்லை. எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தில் இரண்டு வேலை உண்டு: ஒன்று அழுத்தத்தில் காபி இறக்குவது, இன்னொன்று ஆவியில் பால் நுரைப்பது. மண்டபத்து இயந்திரம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதன் பெயரை வைத்துக்கொண்டது.

அந்த முதல் வேலையில்தான் சங்கதியே இருக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு அழுத்திப் பிழிந்தது என்று ஒரு பொருள். கேட்டவருக்கென்று அந்த நேரத்தில் போட்டது என்று இன்னொரு பொருளும் சொல்வார்கள். நம் ஊரில் பலர் எக்ஸ்பிரஸ்ஸோ என்பது கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி இறங்கிய பழக்கத்தில் வந்திருக்கும். 1884இல் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியொண்டோ ஆவியின் உதவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு கப்பாக இறக்கும் இயந்திரத்துக்கு 1901இல் மிலானின் லூய்ஜி பெஸ்ஸேரா வாங்கினார். இவையெல்லாம் ஆவியையே நம்பியவை. அழுத்தம் போதாது, சூடு அதிகம், அதனால் காபியில் ஒரு கருகல் வாடை இருக்கும். அதை மாற்றியவர் அக்கில்லே காஜியா. 1938இல் அவர் வாங்கிய காப்புரிமையும், போருக்குப் பிறகு அவர் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரமும் வெந்நீரைப் பெரிய அழுத்தத்தில் காபித்தூளுக்குள் தள்ளின. அப்போதுதான் காபியின் மேல் பொன்னிற நுரை வந்தது. இதென்ன அழுக்கு என்று முதலில் ஆட்கள் சந்தேகப்பட்டார்களாம். காபியின் கிரீம் என்று அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். கிரெமா என்ற அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் இ61 இயந்திரத்தில் மின் பம்பு வந்த பிறகு, நெம்புகோலை இழுத்துக் கை வலிக்க வேண்டிய அவசியமும் போனது.

எவ்வளவு அழுத்தம்? சுமார் 9 பார். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய 1 பார். ஒன்பது குக்கரின் முக்கல் அந்தச் சின்னக் கப்புக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கார் டயரில் 30, 35 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் இது 130.

என் அத்தான் சார்ஜாவில் ஒரு காபிக் கடையில் பல வருடம் மெஷினில் நின்றவர். இப்போது மார்த்தாண்டத்தில் வீட்டோடு இருக்கிறார். சமையலறைத் திண்டில், மிக்சிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வைத்திருக்கிறார். அதை அவர் கையாளுவதைப் பார்க்க வேண்டும். நகைக்கடைத் தராசு போல ஒரு குட்டித் தராசில் 18 கிராம் காபிக்கொட்டையை நிறுப்பார். அரைத்த தூளைக் கைப்பிடி போட்ட வடிகட்டியில் தட்டி, விரலால் சமன்செய்து, மேலே ஒரு கனத்த உலோகக் குமிழால் நேராக அழுத்துவார். கோணலாக அழுத்தினால் தண்ணீர் பள்ளமான பக்கம் மட்டும் ஓடிவிடுமாம். மெஷினில் மாட்டித் திருகி, பொத்தானை அமுக்கி, கப்பைத் தராசின்மேலேயே வைப்பார். ஐந்தாறு விநாடி ஒன்றும் வராது. அப்புறம் கருப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு நூல் பிடித்தாற்போல இறங்கும். மார்த்தாண்டம் தேனைக் கரண்டியிலிருந்து சாய்த்தால் எப்படி இறங்குமோ அப்படி. நிறம் கருப்பிலிருந்து பழுப்பாகி, வெளிறி வரும்போது நிறுத்திவிடுவார். 25லிருந்து 30 விநாடி, கப்பில் 36 கிராம். போட்டதுபோல் இரண்டு மடங்கு. தண்ணீரின் சூடு 90க்கும் 96க்கும் நடுவில், கொதிநிலைக்குக் கீழேதான்.

தூள் கொஞ்சம் பருபருவென்று இருந்தால் 12 விநாடியில் குடுகுடுவென்று ஓடிவிடும். வாயில் புளிக்கும், தண்ணீராக இருக்கும். மாவாக அரைத்துவிட்டால் 45 விநாடி ஆகியும் சொட்டிக்கொண்டே இருக்கும், அது கசப்பு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஈரக்காற்று அடிக்கிற நாளில் அதே அரைவை அதே மாதிரி நடந்துகொள்ளாது என்பார் அத்தான். ஆனியில் ஒரு திருகு, ஐப்பசியில் ஒரு திருகு என்று கிரைண்டரைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அக்கா அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாகச் சாயா போட்டுக் குடித்துக்கொள்வாள்.

கடைக்குக் கடை குழப்பம் தொடங்குவது இங்கேதான். இத்தாலியில் வழக்கமான ஒற்றை எஸ்பிரெஸ்ஸோ என்றால் 7 கிராம் தூள், 25 மி.லி. காபி. இன்றைய காபிக் கடைகள் பெரும்பாலும் 18 கிராம் போட்டு இரட்டையாக இறக்குகின்றன. இதற்கு டோப்பியோ என்று பெயர். அதே தூளில் தண்ணீரைக் குறைத்து, கெட்டியாகப் பாதியில் நிறுத்தினால் ரிஸ்ட்ரெட்டோ. நிறுத்தாமல் நீளமாக ஓடவிட்டால் லுங்கோ. லுங்கோ கசக்கும், ஏனென்றால் தூளில் நல்லதெல்லாம் முதலிலேயே வந்துவிடும், கடைசியில் வருவது சக்கையின் சாறு. தேங்காய்ப் பாலில் ஒன்றாம் பால், மூன்றாம் பால் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி மிச்சத்துக்கு வரலாம். வெந்நீர் கிளை சின்னது, சீக்கிரம் முடித்துவிடலாம். எஸ்பிரெஸ்ஸோவில் வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோ. இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் எஸ்பிரெஸ்ஸோவின் கடுமை தாங்காமல் தண்ணீர் கலந்து குடித்தார்கள், அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. வெந்நீரை முதலில் கப்பில் ஊற்றிவைத்து அதன்மேல் எஸ்பிரெஸ்ஸோவை இறக்கினால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் லாங் பிளாக் என்கிறார்கள். மேலே கிரெமா கலையாமல் நிற்கும், தண்ணீரும் சற்றுக் குறைவு. நம் கணக்கில் இரண்டுமே கட்டன் காப்பியின் தூரத்துச் சொந்தம். கருப்பட்டி மட்டும் இல்லை.

பால் கிளைதான் பெரிய தரவாடு.

பாலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நுரை. சாயாக் கடையில் மாஸ்டர் ஒரு கை உயர்த்தி, ஒரு கை தாழ்த்தி, முழம்போட்டு ஆற்றுகிறாரே, அங்கேயும் நடப்பது பாலுக்குள் காற்றை அடைப்பதுதான். ஆனால் அந்தக் குமிழிகள் பெரியவை. மேசைக்கு வருவதற்குள் பாதி உடைந்துவிடும். எஸ்பிரெஸ்ஸோ மெஷினின் ஆவிக்குழாயில் வருவது கண்ணுக்குக் குமிழியாகவே தெரியாத நுரை. அத்தான் செய்யும்போது கவனித்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலை ஸ்டீல் ஜாடியில் பாதிக்குக் கீழே ஊற்றுகிறார். குழாயின் நுனி பாலின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. காகிதம் கிழிவது போல ச்சி, ச்சி என்று சத்தம். நாலைந்து விநாடிதான், அதற்குள் காற்று போதுமான அளவு உள்ளே போய்விட்டது. பிறகு நுனியைச் சற்று இறக்கிவிடுகிறார். சத்தம் அடங்கி, பால் ஜாடிக்குள் சுழி போட்டுச் சுற்றுகிறது. அந்தச் சுழியில்தான் பெரிய குமிழிகள் உடைந்து நைசாகின்றன. இடது உள்ளங்கையை ஜாடியோடு ஒட்டிவைத்திருக்கிறார். இனி தொட முடியாது என்று கை சொல்லும்போது ஆவியை மூடுகிறார். அப்போது சூடு 60, 65 பாகை இருக்கும். ஜாடியைத் திண்டில் இரண்டு தட்டு தட்டி, ஒரு சுற்று சுற்றினால் பாலின் மேல்பரப்பு இப்போதுதான் அடித்த பெயின்ட் போல மினுங்குகிறது.

65ஐத் தாண்டி 70க்கு மேல் போனால் பாலில் காய்ச்சிய வாசனை வந்துவிடும், நுரையும் காய்ந்து கட்டியாகும். நம் ஆட்களுக்கு இங்கேதான் மனத்தாங்கல். ஆவி பறக்கக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்குக்கு 60 பாகை பால் ஆறிப்போனதாகப் படும். "கொஞ்சம் சூடா" என்று திருப்பி அனுப்புபவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால் சூடாக்கித் தருவார்கள், ஆனால் அதோடு அந்த மென்மையும் பாலின் இயற்கையான இனிப்பும் போய்விடும்.

நுரைக்கு ஆதாரம் பாலின் புரதம். கொழுப்பு தருவது வாயில் படும் வழுவழுப்பு. ஆவின் பாக்கெட்டில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. அத்தானின் கட்சி பச்சை. நீலத்தில் நுரை துள்ளி எழும்புகிறது, ஆனால் வாயில் நிற்பதில்லை. ஆரஞ்சில் குடித்தால் காபியின் ருசி மெத்தைக்குள் போய்விடுகிறது என்பது அவர் தீர்ப்பு. சங்கத்தில் வாங்குகிற கறந்த பால் என்றால் காய்ச்சி, ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் நுரைக்க வேண்டும். 60 பாகைச் சூடு காய்ச்சாத பாலுக்குப் பாதுகாப்பு ஆகாது.

இப்போது கப்புச்சினோ. இதன் பெயரை நம் மாவட்டத்தில் விளக்குவது சுலபம். குளச்சலிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை ஊர்களில் எந்தக் குருசடியில் வேண்டுமானாலும் போய் அந்தோணியார் சுரூபத்தைப் பாருங்கள். பழுப்பு நிற அங்கி, இடுப்பில் கயிறு. அந்தப் பிரான்சிஸ்கன் துறவிகளின் வழியில் 16ஆம் நூற்றாண்டில் கிளைத்தவர்கள் கப்புச்சின் சபையார். கப்புச்சோ என்றால் இத்தாலிய மொழியில் தலையை மூடும் கொங்காணி. அவர்களுடைய அங்கியில் அது நீளமாக இருந்ததால் அந்தப் பெயர். பால் கலந்த காபியின் நிறம் அந்த அங்கியின் நிறத்தை ஒத்திருந்ததால் வியன்னாவில் ஒரு காபிக்குக் கப்புச்சினர் என்று பெயர் வைத்தார்கள். அது இத்தாலிக்குப் போய் கப்புச்சினோ ஆனது. ஆக, நுரைக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, நிறம்தான் பெயரைக் கொடுத்தது.

இத்தாலியில் தரச்சான்று கொடுக்கும் எஸ்பிரெஸ்ஸோ அமைப்பின் கணக்கில் கப்புச்சினோ என்றால் 25 மி.லி. எஸ்பிரெஸ்ஸோ, 100 மி.லி. பாலை நுரைத்து 125 மி.லி. ஆக்கியது. மொத்தம் 150 மி.லி. சாயாக் கடைக் கண்ணாடிக் கிளாசைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. நம் கடைகளில் இதையே 200, 250 மி.லி. கப்பில் தருகிறார்கள். எதில் தந்தாலும் கப்புச்சினோவின் அடையாளம் நுரையின் கனம். கரண்டியால் ஒதுக்கினால் ஒரு சென்டிமீட்டருக்காவது வெண்மையாக நுரை வர வேண்டும். மேலே சாக்லேட் தூவுவது கடைக்காரரின் விருப்பம்.

லாட்டே என்றால் பால். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இத்தாலியில் போய் லாட்டே என்று மட்டும் கேட்டால் ஒரு கிளாஸ் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட வாய்ப்பு உண்டு. காஃபே லாட்டே என்று முழுசாகச் சொல்ல வேண்டும். எஸ்பிரெஸ்ஸோவின்மேல் சூடான பாலைத் தாராளமாக ஊற்றி, கடைசியில் மெல்லிய ஏடு போல நுரை. 240 மி.லி.யில் தொடங்கி 350க்கும் மேல்கூடப் போகும். மேலே இலை, இதயம், அன்னம் என்று படம் வரைவது பெரும்பாலும் இதில்தான்; நுரை மெல்லிசாகவும் ஓடுகிற பதத்திலும் இருந்தால்தான் படம் விழும். கப்புச்சினோவுக்கும் லாட்டேவுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டால் நான் சொல்வது இது: கப்புச்சினோவில் மேல் உதட்டில் நுரை ஒட்டும், லாட்டேயில் வயிறு நிறையும்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெரிய லாட்டே வாங்கினால் காபி கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். பல கடைகளில் சின்ன கப்பிலும் பெரிய கப்பிலும் போகும் எஸ்பிரெஸ்ஸோ ஒரே அளவுதான். கூடுவது பால். கூடுதல் காசு கொடுத்து காபியை வெளுப்பாக்கி வாங்குகிறோம். ஆர்டர் செய்யும்போது "இதில் எத்தனை ஷாட்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மெனுவில் உள்ள பாதி மர்மம் விலகிவிடும். ஷாட் என்றால் ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ. சாயாக் கடையில் ஸ்ட்ராங், லைட், மதுரம் குறச்சு என்று கூச்சமில்லாமல் கேட்கிற நாம் ஏ.சி. அறைக்குள் போனதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோமோ தெரியவில்லை.

ஃபிளாட் ஒயிட் இந்த இரண்டுக்கும் தங்கை. 1980களில் பிறந்தது. சிட்னியில் பிறந்ததா, வெலிங்டனில் பிறந்ததா என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. நுரை தட்டையாக, அதாவது மிக மெல்லிசாக இருக்கும் என்பதால் இந்தப் பெயர். பார்வைக்குச் சின்ன லாட்டே மாதிரிதான். ஆனால் 150, 180 மி.லி. கப்பில் இரட்டை எஸ்பிரெஸ்ஸோ போகிறது. பால் குறைவு, காபி அதிகம். ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவர் முதன்முதலாக இந்த மாதிரிக் கடைக்குப் போகிறார் என்றால் என் சிபாரிசு இதுதான், கப்புச்சினோ இல்லை. டிக்காஷன் தூக்கலாக விட்ட காபியின் சாடை இதில்தான் இருக்கிறது.

இன்னும் பாலைக் குறைத்துக்கொண்டே போகலாம். எஸ்பிரெஸ்ஸோவும் பாலும் ஏறக்குறைய சரிபாதி, நுரை பெயருக்கு: அது ஸ்பெயின்காரர்களின் கோர்ட்டாடோ. வெட்டியது என்று அர்த்தம், காபியின் கடுமையைப் பாலால் வெட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டி எஸ்பிரெஸ்ஸோவின் தலையில் ஒன்றிரண்டு கரண்டி பால்நுரை மட்டும் வைத்தால் மக்கியாட்டோ. இத்தாலிய மொழியில் கறை பட்டது என்று பொருள். கருப்புச் சட்டையில் ஒரு சொட்டு வெள்ளைக் கறை.

இந்த மக்கியாட்டோ ஒரு வம்பு பிடித்த பெயர். லாட்டே மக்கியாட்டோ என்று இன்னொன்று இருக்கிறது. அங்கே கறை படுவது பாலுக்கு: உயரமான கண்ணாடிக் கிளாசில் பாலும் நுரையும் முதலில், அதன் நடுவே எஸ்பிரெஸ்ஸோவை மெதுவாக ஊற்றினால் கீழே வெள்ளை, நடுவில் பழுப்பு, மேலே நுரை என்று மூன்று அடுக்காக நிற்கும். ஒன்று இரண்டு வாயில் முடியும், மற்றது ஒரு கிளாஸ் பால். இதற்கு மேல் கேரமல் சாறு ஊற்றிய பெரிய மக்கியாட்டோக்களும் சங்கிலிக் கடைகளில் உண்டு. பெயரை மட்டும் நம்பி ஆர்டர் செய்தால் மாமாவின் நிலைமைதான், எதிர்ப்பக்கமாக.

மோக்காவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாட்டேயில் சாக்லேட். பெயர் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து வந்தது. ஒருகாலத்தில் உலகத்துக்குக் காபி போனது அந்த வழியாகத்தான். குழந்தைகளுக்குப் பிடிக்கும், அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் வேறு சாமான். 1933இல் இத்தாலியில் பியலெட்டி கொண்டுவந்த அந்த அலுமினியப் பாத்திரத்தில் அழுத்தம் ஒன்று, இரண்டு பார்தான். கெட்டியான நல்ல காபி வரும், எஸ்பிரெஸ்ஸோ வராது. வனிலா ஐஸ்கிரீம்மேல் சுடச்சுட எஸ்பிரெஸ்ஸோ ஊற்றுவது அஃபொகாட்டோ, மூழ்கடித்தது என்று பொருள். சித்திரை வெயிலில் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

"நம்ம ஃபில்டர் காபி டிக்காஷனும் இதுவும் ஒண்ணுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் கெட்டிச் சாறு, இரண்டிலும் பால் கலக்கிறோம் என்பதுவரை ஒன்றுதான். டிக்காஷன் இறங்குவது பூமியின் இழுப்பில், சொட்டுச் சொட்டாக, அவசரமில்லாமல். ராத்திரி போட்டுவைத்துக் காலையில் குடிக்கலாம். எஸ்பிரெஸ்ஸோ அரை நிமிடத்தில் பிறந்து சில நிமிடத்தில் கிழடாகிவிடும். அழுத்தத்தில் தூளின் எண்ணெய்யும், வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவும் சேர்ந்து வெளியேறுவதுதான் கிரெமா. டிக்காஷனில் அது வராது. அப்புறம் சிக்கரி. நம் தூளில் சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கிறது. அதில் கஃபைன் கிடையாது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் பல நேரம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்பது தெரியும். எஸ்பிரெஸ்ஸோவுக்குச் சிக்கரி ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியக் காபியைப் பல வருடங்களாக அதிகம் வாங்கும் நாடு இத்தாலிதான். நாம் விளைவிப்பதில் பெரும்பகுதி ரொபஸ்டா ரகம். கிரெமா தடிமனாக வரவேண்டும் என்று எஸ்பிரெஸ்ஸோ கலவையில் ரொபஸ்டாவைச் சேர்ப்பது இத்தாலியர்களின் வழக்கம். குடகிலும் வயநாட்டிலும் விளைந்த கொட்டை அங்கே போய், வறுபட்டு, இத்தாலியப் பெயரோடு நம் பார்வதிபுரத்துக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் அசம்பு மலையிலும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்டார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. இன்று நம் மலையடிவாரம் என்றால் ரப்பர்தான் நினைவுக்கு வரும், காபி இல்லை.

கஃபைன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்ன கப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒற்றை எஸ்பிரெஸ்ஸோவில் சுமார் 60, 65 மில்லிகிராம் கஃபைன். நாக்குக்குக் கடுமையாக இருக்கிறதே தவிர, ஒரு பெரிய மக் வடிகட்டிய காபியில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்வரை பரவாயில்லை, கர்ப்பிணிகள் 200க்குள் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ரொபஸ்டாவில் கஃபைன் இன்னொரு ரகமான அரபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் கொட்டையின் ரகத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். பால் கூடுவதால் கஃபைன் குறையாது. லாட்டேதானே என்று இரவு எட்டு மணிக்கு இரட்டை ஷாட் குடித்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த அனுபவம் எனக்கு உண்டு.

மாமா அன்று அந்தச் சின்னக் கப்பை என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. பையன் போனதும் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுளித்தார், ஆனால் கீழே வைக்கவில்லை. "சாதனம் நல்லதுதான். சூடுவெள்ளம் கொஞ்சம் கேளு" என்றார். அவர்களும் தட்டாமல் ஒரு கிளாஸ் வெந்நீர் கொடுத்தார்கள். பக்கத்தில் வெறுமையாக இருந்த தண்ணீர்க் கிளாசில் எஸ்பிரெஸ்ஸோவைக் கவிழ்த்து, முக்கால் கிளாசுக்கு வெந்நீர் ஊற்றி, சர்க்கரைப் பொட்டலம் இரண்டைக் கிழித்துப் போட்டு, கரண்டியால் ஆற அமரக் கலக்கினார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

"இப்பதான் காப்பியாச்சு."

மெனு அட்டையை எடுத்து அமெரிக்கானோ என்ற வரியையும் அதற்கு நேரே இருந்த விலையையும் காட்டினேன். எஸ்பிரெஸ்ஸோவைவிட நாற்பது ரூபாய் கூடுதல்.

"வெறும் வெள்ளத்துக்கா?" என்றார் மாமா, கிளாசிலிருந்து கண்ணை எடுக்காமல்.